மறுப்பதற்கு முன் அவர்கள் சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள்

சனிக்கிழமை மாலை துக்கத்துக்காகக் கூடியிருந்த என் வீட்டில், பக்கத்து வீட்டு அம்மா ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே நம் சகோதரர் ஒருவர் குறுக்கிட்டு அவரை அவமதித்தார். அந்த அம்மா, அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபையைச் சேர்ந்தவர். நடந்தது இங்கே சால்ட் லேக் நகரில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவர் பலருக்கும் தெரியும். அன்று வந்திராதவர்களுக்கும் வாட்ஸ்அப் குழு வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகையால் யார் பேசினார், எந்த ஜெப ஐக்கியத்தைச் சேர்ந்தவர் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஆனால் நான்கு நாள்களாக அதை நியாயப்படுத்திக் குழுவில் வந்துகொண்டிருக்கும் செய்திகளைப் படித்த பிறகு என்னால் மௌனமாக இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மார்மன் சபையாரின் உபதேசத்தை மறுக்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. அவர்கள் நம்பாததை நம்புவதாகச் சொல்லி மறுப்பதற்கு உரிமை இல்லை. அதற்குப் பெயர் வைராக்கியம் அன்று, பொய்ச்சாட்சி.

குழுவில் எழுதப்பட்டவற்றையே எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் ஜோசப் ஸ்மித்தைக் கும்பிடுகிறார்களாம். இல்லை, அவரைத் தீர்க்கதரிசி என்கிறார்கள், ஒருவரும் அவரை வணங்குவதில்லை. இன்றைக்கும் பல பெண்களை மணக்கிறார்களாம். பலதார மணம் அவர்களிடையே இருந்தது உண்மை. 1890-ஆம் ஆண்டு அவர்களுடைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அதைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். இன்று அதைச் செய்பவர்கள் பிரிந்துபோன சிறு குழுக்களைச் சேர்ந்தவர்கள். இந்தச் சபைக்குள் இருந்துகொண்டு ஒருவர் அதைச் செய்தால் விலக்கிவிடுவார்கள். வேதாகமத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்களாம். என் பக்கத்து வீட்டு அம்மாவின் மேசையில் ஓரம் கிழிந்து, பென்சில் கோடுகளால் நிறைந்து கிடக்கும் வேதாகமத்தை நான் பத்து ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நம்மில் எத்தனை பேருடைய வேதாகமம் அப்படித் தேய்ந்திருக்கிறது?

மெய்யான வேறுபாடுகளைப் பேசுவோமானால், அவை சிறியவை அல்ல. கி.பி. 325-இல் நிசேயா நகரில் கூடிய சபைத் தலைவர்கள் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகோஸ்தே சபையாரில் பெரும்பாலோர் என எல்லோரும் அந்தத் தரையில்தான் நிற்கிறோம். மார்மன் சபையார் அங்கே நிற்கவில்லை. பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் நோக்கத்தில் ஒன்றானவர்கள், ஆனால் தனித்தனியானவர்கள் என்பது அவர்களுடைய போதனை. பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்கிறார்கள். மனிதர் தேவனைப்போல ஆகும்படி உயர்த்தப்படுவார்கள் என்கிறார்கள். 1830-இல் அச்சான மார்மன் புத்தகத்தையும் வேதமாக ஏற்கிறார்கள். அப்போஸ்தலருக்குப் பின் அதிகாரம் பூமியிலிருந்து எடுபட்டுப்போயிற்று என்றும், அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய தங்கள் சபையில்தான் அது திரும்பவும் நிலைநாட்டப்பட்டது என்றும் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றையும் நான் ஏற்கவில்லை. ஞாயிறுதோறும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை மனதார அறிக்கையிடுகிறவள் நான். இவ்வளவு பெரிய உண்மையான வேறுபாடுகளைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காகப் பொய்யான வேறுபாடுகளைத் தேடிப்போக வேண்டும்? அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் லுத்தரன் வீட்டில் பிறந்தவள். லுத்தர் எழுதிய ஞானோபதேச வினாவிடையை மனப்பாடமாக ஒப்பிக்காமல் எங்களுக்குச் சபையில் முழு அங்கத்தினராகும் திடப்படுத்தல் கிடையாது. எட்டாம் கற்பனை, 'பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.' இதற்கு லுத்தர் எழுதிய விளக்கம், பொய் சொல்லாதே என்பதோடு நிற்கவில்லை. பிறனுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவனைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும், அவன் செய்வதை நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதில் மார்மன் சபையாருக்கு மட்டும் விதிவிலக்கு இருப்பதாக எங்கள் உபதேசியார் சொல்லித்தரவில்லை.

இதை முதலில் சொல்பவளும் நான் அல்லள். 1985-இல் சுவீடனில் மார்மன் கோயில் ஒன்று கட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அப்போது ஸ்டாக்ஹோமின் லுத்தரன் பேராயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால், பிற மார்க்கத்தை அறிய விரும்பினால் அதன் பகைவரிடம் கேட்காமல் அதைப் பின்பற்றுகிறவர்களிடம் கேளுங்கள் என்றார்; உங்களிடம் உள்ள மிகச் சிறந்ததை அவர்களிடம் உள்ள மிக மோசமானதோடு ஒப்பிடாதீர்கள் என்றும் சொன்னார். 2004-இல் ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் தலைவர் ரிச்சர்ட் மவ், இதே சால்ட் லேக் நகரில் மார்மன் சபையாரின் டாபர்னாக்கிள் மண்டபத்தில் நின்று, சுவிசேஷ சபையாராகிய நாங்கள் உங்களுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லிப் பாவம் செய்தோம் என்று வெளிப்படையாக அறிக்கையிட்டார். அவர்கள் இருவரும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர்.

சிலர் கலாத்தியர் முதல் அதிகாரத்தை அனுப்பியிருக்கிறார்கள். வானத்திலிருந்து வருகிற ஒரு தூதன் வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தாலும் சபிக்கப்பட்டவன் என்று பவுல் எழுதியிருக்கிறாரே, தூதன் தரிசனத்தில் தொடங்கிய சபைக்கு இதைவிட நேரான பதில் உண்டா என்கிறார்கள். வசனம் கடுமையானதுதான், நானும் அதன் முன் நடுங்குகிறேன். ஆனால் அந்த வசனத்தைச் சொல்ல அவர்களைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே! உள்ளதைச் சொல்லிவிட்டு வசனத்தைக் காட்டுங்கள். நான் தடுக்கவில்லை.

அவர்கள் மட்டும் நம்மை மதிக்கிறார்களா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஜோசப் ஸ்மித் 1820-இல் தாம் கண்டதாகச் சொன்ன தரிசனத்திலேயே, மற்றச் சபைகளின் விசுவாசப் பிரமாணங்கள் எல்லாம் அருவருப்பானவை என்று தமக்குச் சொல்லப்பட்டதாக எழுதிவைத்திருக்கிறார். நான் அவர்கள் சபையில் சேர்ந்தால் என் ஞானஸ்நானம் செல்லாது என்று மறுபடியும் கொடுப்பார்கள். கத்தோலிக்கச் சபையும் 2001-இல் அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. மார்மன் சபையாரிடம் உள்ள, இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறும் வழக்கத்தை யூத இனப்படுகொலையில் மாண்டவர்கள்வரை கொண்டுபோய், எதிர்ப்பு எழுந்து, 1995-இல் அதை நிறுத்துவதாக உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது. இவையெல்லாம் புண்படுத்துகிறவைதான், நான் மறைக்கவில்லை. அவர்கள் செய்தது நமக்குச் சாக்காகுமா?

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அத்தை திருமணமாகிப் போன இடத்தில் வேறொரு சபையில் சேர்ந்தார். குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அன்று என்று சொல்லி அவரை ஆற்றில் முழுக்கிக் கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று பாட்டி சமையற்கட்டின் வாசற்படியில் உட்கார்ந்து, "காய்ச்சலோடு கிடந்த பிள்ளையைச் சேலையில் சுற்றி நான்தானே கோயிலுக்குத் தூக்கிப் போனேன், அது பொய்யா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். உபதேச வேறுபாடு அவருக்குத் தெரியாததில்லை. தம் விசுவாசமே இல்லாத ஒன்றாகப் பேசப்பட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. உன் தேவன் தேவன் அல்லர், உன் ஜெபம் ஜெபம் அன்று என்று சொல்லக் கேட்பது எப்படி இருக்கும் என்பதை நான் அந்த வாசற்படியில்தான் கற்றேன்.

வெறும் வார்த்தைதானே, இதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1838-இல் மிசௌரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன் சபையாரைப் பகைவர்களாக நடத்தி, ஒழித்துவிட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்று எழுத்தில் ஆணையிட்டார். அந்த ஆணை 1976-இல்தான் ரத்தானது. 1844-இல் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, மிச்சிகனில் கிராண்ட் பிளாங்க் என்னும் ஊரில் ஒருவன் அவர்களுடைய ஆராதனை நேரத்தில் வண்டியால் சுவரை இடித்து, துப்பாக்கியால் சுட்டு, கட்டடத்துக்குத் தீ வைத்தான். சபையார் நால்வர் இறந்தார்கள். அன்று நம் குழுவில் எத்தனை பேர் அவர்களுக்காக ஜெபக்குறிப்பு போட்டீர்கள்? நான் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

நீங்கள் அவர்கள் சபைக்கு மாறிவிட்டீர்களா, அக்கா, என்று தனிச் செய்தியில் கேட்டவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. தமிழ்நாட்டில் எங்கள் லுத்தரன் சபைக்கு வித்திட்ட சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு 1706-இல் அனுப்பியவன் டென்மார்க் அரசன். அதே டென்மார்க்கின் தலைநகரில் உள்ள லுத்தரன் பேராலயத்துக்காகச் சிற்பி தோர்வால்ட்சன் செதுக்கிய, இரு கைகளையும் விரித்து நிற்கும் கிறிஸ்துவின் உருவத்தைத்தான் மார்மன் சபையார் 2020-இல் தங்கள் சபையின் அடையாளச் சின்னத்தில் வைத்துக்கொண்டார்கள். இதனால் அவர்களும் நாமும் ஒன்று என்று சொல்லவில்லை. அந்தச் சிலையை அவர்கள் ஜோசப் ஸ்மித் என்று நினைத்து வைத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. என் மாமனார் இறந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டு அம்மா தினமும் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் சோபாவில் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அன்று மாமியாரே அவர் கையைத் தொட்டு ஜெபிக்கும்படி சைகை காட்டினார். அவர் எழுந்து, மார்பில் இரு கைகளையும் கட்டி, தலை குனிந்து, "பரலோகத் தகப்பனே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அவர்கள் அப்படித்தான் ஜெபிப்பார்கள். வாத்தியார் முன்னும் பெரியவர்கள் முன்னும் கைகட்டி நின்று வளர்ந்த நமக்கு அது மரியாதை என்று புரியாமற்போயிற்றா? மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் அந்தச் சகோதரர் உரத்த குரலில் பாட்டைத் தொடங்கிவிட்டார். பாட்டு முடிந்ததும், "இவர்கள் கும்பிடுகிற இயேசு வேறு இயேசு" என்று தமிழில் சொன்னார். அவர்கள் ஒவ்வொரு ஜெபத்தையும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில்தான் முடிப்பார்கள். முடிக்க விட்டிருந்தால் அவரே காதால் கேட்டிருப்பார்.

அவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்கிறார் என்றேன். பொய்ச்சாட்சியைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான் சொன்னதும் பொய்தான். அவர் முகம் மலர்ந்து அந்தச் சகோதரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்று அவர் கொண்டுவந்தது உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவி அடுப்பில் வைத்து எடுக்கும் பதார்த்தம். துக்க வீட்டு உருளைக்கிழங்கு என்றே இந்த ஊரில் அதற்குப் பெயர். கண்ணாடித் தட்டின் அடியில் அவர் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. கழுவித் துடைத்து நான்கு நாள்களாக மேடைமேல் வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மாமியார் இன்று காலை கேசரி கிண்டி வைத்திருக்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு நான் இன்னும் அந்த வாசலுக்குப் போகவில்லை.