பள்ளத்தில் நிற்பவர் கையில் கைப்பேசி இருக்க வேண்டும்

தொழிலாளர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று ஒரு கட்டுமான நிறுவனம் விட்ட சுற்றறிக்கையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மூன்று நாட்களாக எல்லாக் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருப்பதால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேஸ்மென்ட் பள்ளத்தின் கரையில் விரிசல் விட்டிருப்பதைப் படமெடுத்து, காலை ஆறே முக்காலுக்கே சைட் வாட்ஸ்அப் குழுவில் போட்டார் ஒரு கம்பி கட்டும் தொழிலாளி. பொறுப்பில் இருந்தவர்கள் பார்த்தார்கள் என்பதற்கு நீலக் குறிகளே சாட்சி. பதில் வரவில்லை. பத்து மணிக்குக் கரை சரிந்தது. டீ குடிக்க எல்லோரும் மேலே ஏறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு நிர்வாகம் எடுத்த முடிவு, தொழிலாளர்கள் இனிக் கைப்பேசியை வாசலில் செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது. அதே சுற்றறிக்கையின் அடுத்த பத்தியில், சூப்பர்வைசர்களுக்குப் புதிய பாதுகாப்புச் செயலி வரப்போகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் செயலிகளுக்கு எதிரி அல்லன். பாதுகாப்பு அலுவலராகப் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வேலை தொடங்கும் முன் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான பெர்மிட்டைக் காகிதத்தில் எழுதிய காலத்தில், காலையில் போட வேண்டிய கையெழுத்துகளை மாலையில் மொத்தமாக வாங்குவதை நேரில் பார்த்தவன். இப்போது படம், நேரம், இடம் மூன்றும் சேர்ந்து பதிவாவதால் அது அவ்வளவு எளிதில்லை. சாரத்தில் தொங்கும் அட்டையின் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால், அதைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார் என்று தெரிந்துவிடுகிறது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் இவை அனைத்தும் மேலே இருப்பவர் கீழே பார்ப்பதற்கான வசதிகள். ஆபத்தை முதலில் பார்ப்பவர் கீழே நிற்பவர். அவர் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

மண் சரிவு எப்படி நடக்கும் என்று தெரிந்தால் என் கோபம் புரியும். மழை பெய்த மறுநாள், பள்ளத்தின் விளிம்புக்கு இணையாக, இரண்டு மூன்றடி தள்ளி, தரையில் மெல்லிய கோடு ஒன்று விழும். விரல் நுழையாத அகலம்தான் இருக்கும். வெட்டியெடுத்த மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தாலோ, பக்கத்தில் ஜேசிபி ஓடினாலோ அது அகலமாகும். பிறகு சில வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. மார்பு வரை மூடினாலே மூச்சுவிட முடியாது. ஆகவே கோடு விழுவதற்கும் கரை விழுவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அந்தத் தொழிலாளி மூன்றே கால் மணி நேரம் கொடுத்திருந்தார்.

இதை வேறு யாரையோ குறை சொல்வதற்காக எழுதவில்லை. 2011 மழைக்காலத்தில் நான் ஜூனியர் இன்ஜினியர். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையைக் காட்டி, "மண்ணு வாயப் பொளந்திருக்கு சார், ஆளுங்கள ஏறச் சொல்லுங்க" என்றார். என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. சைட் இன்சார்ஜை அழைத்தால் திட்டுவாரே என்று பயந்து, மதியம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மதியத்துக்குள் அந்தப் பெரியவரே இடுப்பு வரை மண்ணுக்குள் இருந்தார். மண்வெட்டி பட்டுவிடும் என்பதால் கையாலேயே தோண்டினோம். உயிர் பிழைத்தார், இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். கருவி மட்டும் போதாது, சொன்னால் கேட்கும் ஆள் மறுமுனையில் இருக்க வேண்டும் என்பதை அவருடைய இடுப்பெலும்பைக் கொடுத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கைப்பேசி கவனத்தைச் சிதறடிக்கும் என்பார்கள். உண்மை. சாரத்தின் மேல் நின்றுகொண்டோ, கிரேன் தூக்கும் சுமைக்கு அருகிலோ கைப்பேசி பார்ப்பவரை நானே இறக்கிவிட்டிருக்கிறேன். அதற்கு, பேசுவதற்கென்று ஒரு நிழலான இடத்தைக் குறித்துக் கொடுக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு நம் மொழி தெரியாதே என்பார்கள். விரிசலின் படத்துக்கு மொழி எதற்கு? அவர் ஒடியாவில் குரல்பதிவு அனுப்பினால், புரிந்துகொள்ள ஓர் ஆளை வைப்பது நம் கடமை. பொய்ப் புகார் வரும் என்பவர்களிடம் விவாதிக்க எனக்குத் தெம்பில்லை. தான் நிற்கும் பள்ளத்தைப் பற்றிப் பொய் சொல்லி அன்றைய கூலியை இழக்க யார் முன்வருவார்?

உண்மையான பயம், படம் வெளியே போய்விட்டால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்பதுதான். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் எந்தப் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்?

தொழிலாளியே கைப்பேசியில் ஆபத்தைச் சொல்வதெல்லாம் சிங்கப்பூரில் நடக்கும், இங்கே நடக்காது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே வேலையிட ஆபத்தைக் கைப்பேசியில் படமெடுத்து மனிதவள அமைச்சுக்கே நேரடியாக அனுப்பலாம். அங்கே போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அதே பிள்ளை சென்னைக்குத் திரும்பி வந்ததும் கைப்பேசியை வாசலில் கொடுத்துவிட வேண்டுமா? இங்கும், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளையும் சேர்த்துப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லி 1996லேயே சட்டம் எழுதினார்கள். எண்பது பேர் வேலை செய்யும் சைட்டில் குழுவும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. அங்கே தொழிலாளியின் குரல் அந்தக் கைப்பேசி ஒன்றுதான்.

எங்கள் சைட்டில் ஆட்களையும் பொருட்களையும் மேலே ஏற்றும் ஹாய்ஸ்ட்டின் வாசலில் என் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். படம் வந்தால் முதலில் ஆட்கள் மேலே ஏற வேண்டும், சரியா தவறா என்ற பேச்சு அதன் பிறகுதான். வேலை நின்ற நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்பதையும் சண்டை போட்டு வாங்கினேன். சண்டை போட்டேன் என்று எழுதவே வலிக்கிறது; கேட்காமலே கொடுத்திருக்க வேண்டிய ஒன்று.

படம் அனுப்பிய அந்தத் தொழிலாளியைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டதாக நேற்று கேள்விப்பட்டேன். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். எங்கள் சைட்டில் கம்பி வேலை இன்னும் ஏழு மாடிக்கு இருக்கிறது.