நண்பனை முதல் நாளே மாலா கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திறங்கும் நம்மூர் ஆட்களுக்குச் சீனச் சாப்பாட்டை அறிமுகப்படுத்தும் பொறுப்பு யாராவது ஒரு பழைய ஆள் தலையில் விழும். அந்தப் பழைய ஆள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். "நமக்குக் காரம் பிடிக்கும்ல, வா" என்று நேராக மாலா கடைக்கு, அதாவது சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக் காரச் சாப்பாடு விற்கும் கடைக்கு, இழுத்துப் போவார். இந்த வழக்கத்தில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஏன் என்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

மாலா கடையில் என்ன நடக்கும்? தாமரைக் கிழங்கு, காளான், டோஃபு தோல், மீன் உருண்டை என்று வேண்டியதை நாமே கிண்ணத்தில் அள்ளிப் போட வேண்டும். எடை போட்டு, 100 கிராமுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள். காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். சியாவ் லா என்றால் குறைவு, ஜோங் லா நடுத்தரம், டா லா அதிகம். நம்மாள் விடுவானா? ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்ட தைரியத்தில் டா லா சொல்வான். நாலு வாயிலேயே உதடு மரத்துவிடும். அந்த மரப்பு மிளகாயால் வருவதில்லை. சிச்சுவான் மிளகில் இருக்கும் சான்ஷூல் என்ற பொருள் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுவதால் நாக்கில் ஏதோ அதிர்வது போல இருக்கும். மிளகாயின் காரம் 'லா', இந்த மரமரப்பு 'மா'. இரண்டும் சேர்ந்து அடித்த பிறகு அவனுக்குத் தாமரைக் கிழங்கும் ஒன்றுதான், காளானும் ஒன்றுதான். "சைனீஸ் சாப்பாடு செம காரம் மாப்ள" என்று ஊருக்கு வாய்ஸ் மெசேஜ் போய்விடும். அவனைப் பொறுத்தவரை ஒரு பெரிய தேசத்தின் சமையல் அந்த ஒரு தட்டோடு முடிந்தது.

இத்தனைக்கும் இந்த ஊர்ச் சீனர்களில் பெரும்பாலோரின் முன்னோர்கள் சிச்சுவான் பக்கமே போகாதவர்கள். ஹொக்கியன், தியோச்சூ, கேன்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று நாம் தினமும் கேள்விப்படும் கூட்டத்தார் எல்லாம் ஃபுஜியன், குவாங்டாங், ஹைனான் என்று தென்சீனப் பகுதிகளிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். சிச்சுவானோ கடலையே பார்க்காத உள்நாட்டு மாகாணம். மாலா இங்கே தெருவுக்குத் தெரு வந்தது சீனாவிலிருந்து புதிதாக வந்தவர்களோடு, சமீப காலத்தில்.

இன்னொரு பக்கம், "நீங்க ஊர்ல சாப்பிட்டதெல்லாம் சைனீஸே இல்ல" என்று புதிதாக வந்தவனை மட்டம் தட்டுகிற மேதாவிகளையும் எனக்குப் பிடிக்காது. சிக்கன் மஞ்சூரியன் சீனாவில் கிடையாதுதான். கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1975-இல் மும்பையிலுள்ள கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோளமாவும் சேர்த்து உண்டாக்கியது அது. இந்தியச் சீனர்களின் கைவண்ணம், அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. தள்ளுவண்டி கோபி மஞ்சூரியனை நான் இன்றைக்கும் விரும்பித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று ஊரில் சாப்பிட்ட நினைப்போடு இங்கே ஒரு ஹக்காக்காரர் வீட்டுக்குப் போனால், அவர் முன்னால் வைப்பது சேப்பங்கிழங்கை வேகவைத்துப் பிசைந்து, நடுவில் குழி அழுத்தி, கணக்குப் போடும் மணிச்சட்டத்தின் மணி வடிவில் செய்த சுவான் பான் ஸியாக இருக்கும். இல்லாவிட்டால் கீரை, வேர்க்கடலை, டோஃபு எல்லாம் சோற்றின்மேல் பரப்பி, தேயிலையும் மூலிகையும் எள்ளும் அரைத்த பச்சைச் சாற்றை ஊற்றிச் சாப்பிடும் லே சா. முதல் வாய் கசக்கும். பழகினால் விடமாட்டீர்கள்.

சரி, எங்கேதான் தொடங்குவது? தியோச்சூ கஞ்சிக் கடையில். சந்தேகமே வேண்டாம்.

சோறு குழையாமல், பருக்கை பருக்கையாகத் தெரிய, நீர் தூக்கலாக ஒரு கிண்ணம் கஞ்சி வரும். கூட வைத்துக்கொள்ள வரிசையாக உப்பு வாத்து முட்டை, உப்பில் ஊறிய முள்ளங்கியைப் பொடியாக நறுக்கிப் போட்ட ஆம்லெட், நெத்திலியும் வேர்க்கடலையும் வறுத்தது, உப்பில் ஊறிய கடுகுக்கீரை, பட்டையும் அன்னாசிப்பூவும் பேரரத்தையும் போட்டு சோயாவில் கொதித்த வாத்து. திருச்சிக்காரன் ஒருவனை அங்கே கூட்டிப் போனேன். கஞ்சியைப் பார்த்ததும், "என்னடா, காய்ச்சல்காரனுக்குக் குடுக்குறத வாங்கித் தர்ற?" என்றான். நெத்திலியை ஒரு பிடி எடுத்துக் கஞ்சியோடு வாயில் வைத்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். பழைய சோற்றுக்கும் கருவாட்டுக்கும் பழகிய நாக்குக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சப்பென்ற ஒன்று, சுரீரென்ற ஒன்று, மாறி மாறி. இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் சீன மேசையின் பாதி புரிந்த மாதிரி. தனியாக ஒவ்வொரு தட்டுக்கும் உப்பு, காரம், புளிப்பு எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் "உப்புச் சப்பில்லை" என்ற புகாருக்குக் காரணம். அங்கே மேசை முழுவதும் சேர்ந்துதான் ஒரு சாப்பாடு.

அதற்கு அடுத்து நான் செய்வது மீனைப் பின்தொடர்வது. ஒவ்வொரு முறையும் ஒரு வட்டாரத்துக் கடை, ஆனால் எங்கே போனாலும் மீன் கட்டாயம். வட்டாரம் என்றால் என்ன என்று வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட இது சுலபம்.

தியோச்சூக்காரர்கள் வெள்ளை வாவலை ஆவியில் வேகவைப்பார்கள். கூடவே உப்பு பிளம், உப்புக் கடுகுக்கீரை, தக்காளி, இஞ்சி, டோஃபு. தட்டின் அடியில் தேங்கும் அந்தப் புளிப்புச் சாறுதான் விஷயமே. கரண்டியால் வழித்துக் கஞ்சியில் விட்டுக்கொள்ள வேண்டும். அதே குவாங்டாங் மாகாணத்தில் கேன்டனீஸ்காரர்களிடம் போங்கள். கொடுவாயோ களவாயோ, ஆவியில் வேகவைத்து, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் மெல்லிசாக நறுக்கித் தூவி, கொதிக்கும் எண்ணெயை 'சொய்ங்' என்று ஊற்றி, லேசான சோயா விட்டு அனுப்புவார்கள். புளிப்பு கிடையாது. மீன் நேற்றையது என்றால் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும், ஒளிந்துகொள்ள மசாலா இல்லை. மசாலாவில் முக்கியெடுத்த மீனையே சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தட்டு ஒரு சோதனை. அதனால்தான் இது மாலாவுக்கு முன்னால் வர வேண்டும் என்கிறேன்.

பிறகு உள்நாட்டுக்குப் போகலாம். ஹுனான் மாகாணத்துக் கடையில் ஒரு பெரிய மீன் தலையை இரண்டாகப் பிளந்து, உப்பில் புளிக்கவைத்த சிவப்பு மிளகாயை நறுக்கி மூடி, ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். இங்கே மரத்துப்போகும் வேலையெல்லாம் இல்லை. சுத்தமான மிளகாய்க் காரம், கூடவே ஒரு புளிப்பு. நம் ஆட்களுக்குச் சிச்சுவானைவிட ஹுனான்தான் ஒத்துப்போகும் என்பது என் அனுபவம். ஏனோ யாரும் கூட்டிப் போவதில்லை. மீனைத் தீர்த்தபின் அந்தச் சாற்றில் நூடுல்ஸ் போட்டுப் பிரட்டச் சொல்லுங்கள். அதற்கப்புறம் சுவான் சாய் யூ. சோங்சிங் பக்கத்தில் பிறந்த பண்டம் (1997 வரை அந்த நகரம் சிச்சுவான் மாகாணத்தோடுதான் இருந்தது). மெல்லிய மீன் துண்டுகள், ஊறுகாய்க் கடுகுக்கீரை, புளிப்புச் சாறு. தியோச்சூ வாவலோடு பார்த்த அதே கடுகுக்கீரைதான், இங்கே வேறு வேஷத்தில்.

இவ்வளவும் ஆனபின் மாலாவுக்குக் கூட்டிப் போங்கள், தாராளமாக. அப்போது அவனே கேட்பான், "இந்த மரமரப்பு எதுக்கு?" என்று. சிச்சுவான் என்றாலே காரம் என்று நினைப்பதும் தவறு. சீன முட்டைக்கோஸின் கொழுந்தைத் தண்ணீர் மாதிரித் தெளிந்த சாற்றில் போட்டு வைக்கும் ஒரு விருந்துப் பண்டம் அங்கே பேர்போனது. பார்த்தால் வெந்நீர். கோழி, வாத்து, பதப்படுத்திய பன்றித்தொடை எல்லாம் மணிக்கணக்கில் கொதித்து வடித்த சாறு அது.

ஃபுட் கோர்ட்டில் மாலாவில் ஒரு தட்டு, ஹொக்கியன் மீயில் ஒரு தட்டு, டிம் சம் நாலு என்று கலந்தடிப்பதும் வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு வட்டாரம். நாலு பேராவது போனால்தான் ஒரு மீன், ஒரு கீரை, ஒரு டோஃபு, ஒரு சூப், ஒரு கறி என்று மேசை நிரம்பும். கடைப் பெயர்ப் பலகையில் செங்குத்தாக மூன்றே கோடுகள் போட்ட எழுத்து இருந்தால் அது சிச்சுவானைக் குறிக்கும், சீனம் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கண்ணில் படும். மெனு சீனத்தில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்து மேசையில் குடும்பமாக உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு எதைச் சாப்பிடுகிறார்களோ அதைக் காட்டினால் போதும்.

கோழிக்கால், தவளைக் கஞ்சி, கறுத்துப்போன முட்டை இதையெல்லாம் முதல் நாளே முன்னால் வைத்து, அவன் முகம் போகிற போக்கைக் கைப்பேசியில் படம் பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அருவருப்பான வேலை, சாப்பாடு அல்ல, அந்தப் படம் பிடிப்பது. ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் சாப்பிடுகிற நாம் கோழிக்காலைப் பார்த்து மூக்கைச் சுளிப்பதில் ஒரு நியாயமும் இல்லை. அவனாகக் கேட்கும் நாள் வரும், அன்று வாங்கிக்கொடுங்கள்.

சைவக்காரர் விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கறார். "கறியை ஒதுக்கிட்டுச் சாப்பிடு" என்று சொல்பவனை நண்பன் என்று சேர்க்க மாட்டேன். மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி இருக்கும். வறுத்த பீன்ஸில் பெரும்பாலும் பொடிசாகப் பன்றிக்கறி இருக்கும். வெறும் கீரைக்குக்கூடச் சிப்பி சாஸோ உலர்ந்த இறாலோ போடுவார்கள். அதனால் பௌத்த சைவக் கடைகளுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே வெங்காயம் பூண்டுகூட இருக்காது, வீட்டில் அம்மாவுக்குப் பயந்தவர்களுக்கும் நிம்மதி. முஸ்லிம் நண்பர்களுக்கு வடமேற்குச் சீனா இருக்கிறது. லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் ஹுய் முஸ்லிம்களின் சமையல், சின்ஜியாங் உய்குர்களின் சீரகம் தூவி, கம்பியில் குத்திச் சுட்ட ஆட்டுக்கறியும் அப்படித்தான். ஆனாலும் கடையில் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. மாடு சாப்பிடாதவர்களுக்கு அந்தக் கம்பி ஆட்டுக்கறியே போதும், பக்கத்தில் நம்மூர் 'நான்' ரொட்டி போலவே ஒரு ரொட்டியும் கிடைக்கும்.

"இதெல்லாம் அசலா?" என்று கேட்கிற ஒரு கூட்டம் உண்டு. இங்கே கிடைக்கும் ஹைனானீஸ் கோழிச்சோறு ஹைனான் தீவின் வென்சாங் கோழியிலிருந்து வந்தது, ஆனால் இங்கே வந்து வேறொன்றாக ஆகிவிட்டது. மீன் தலைக் கறியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949-இல், மீன் தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களை மனதில் வைத்துத் தொடங்கினார் என்பார்கள். இன்று சீனக் கடைகளும் அதைப் புளி சேர்த்துத் தங்கள் பாணியில் வைக்கின்றன. இதில் எது அசல், எது நகல் என்று பிரித்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த வட்டாரத்து ஆட்கள் அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று மட்டும் பார்ப்பேன்.

அப்புறம் ஒன்று, புதிதாக வந்தவர்களுக்கு. சில உணவகங்களில் உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் தேநீரும் தானாக வந்து உட்காரும். இலவசம் இல்லை, எல்லாம் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தேநீரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.