மூணு ஒயர் பேஸ்மேக்கர் எல்லாருக்கும் இல்லீங்க

ஹார்ட் ஃபெயிலியர்ல, அதாவது இதயம் ரத்தத்த சரியா பம்ப் பண்ண முடியாத நோய்ல, இதயம் ஒண்ணா சுருங்காம இடது பக்கம் லேட்டாச்சுன்னா மூணு ஒயர் பேஸ்மேக்கர் வெச்சா சரியாயிரும்னு உங்க கட்டுரைல எழுதிருக்கீங்க, நல்லதுங்க, ஆனா யாருக்குன்னு சொல்லலையே. எங்க மாமாவுக்கு கோபில வாய்க்கா மேடு ஏறவே மூச்சு வாங்கும், ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சாத்தான் படுக்கவே முடியும். ஈசிஜில எல்பிபிபி (இடது பக்கம் மின்சாரம் போற வழில அடைப்பு), க்யூஆர்எஸ் (மின்சாரம் இதயத்தோட கீழறைங்க பூரா பரவற நேரம்) 160 மில்லிசெகண்ட், எக்கோல இதயம் பம்பிங் பண்ற அளவு 28 சதந்தான், மாத்திரை மாசக்கணக்கா சாப்ட்டும் ஏறல, அப்புறந்தான் கோயமுத்தூர்ல சிஆர்டிங்கற இந்த மூணு ஒயர் பேஸ்மேக்கர வெச்சாங்க. மூணாவது ஒயரு இதயத்துக்குப் பின்னால இருக்கற ரத்தக்குழாய் வழியா இடது பக்கம் போவுதுங்க, ரெண்டு பக்கமும் சேந்து சுருங்கறது அதனாலதான். இப்ப அவரே மாடு புடிச்சுக் கட்டறாரு. க்யூஆர்எஸ் 130க்குக் கீழ இருந்தா பொதுவா இத வெக்கறதில்ல, வெச்சவங்கள்லயும் ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு பெருசா பலன் தெரியறதில்லீங்க. மாத்திரை இன்னமும் ஓடுது, உப்புக்கொறச்சலுக்குத்தான் அத்தகூட தெனமும் சண்டை.