லோயர் பெர்த் வள்ளல் பேசுறேன்

"தம்பி, தனியாத்தானே வர்றீங்க?"

ஆறு பேர் வட்டமா உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கோம். நடுவுல இருக்கிற என்னைப் பாத்து, ரயில்ல வந்த ஒரு அண்ணன் இந்தக் கேள்வி கேக்குறாரு. அப்பவே உஷாராகியிருக்கணும்.

60 நாளைக்கு முன்னாடி, காலையில எட்டு மணிக்குப் பல்லுகூட விளக்காம போனோட மல்லுக்கட்டி, ஓடிபி வர்றதுக்குள்ள நாலு சாமியக் கும்பிட்டு எடுத்த டிக்கெட்டுங்க. எழும்பூர்ல ஏறிப் படுத்தா விடிஞ்சதும் தஞ்சாவூர். 33-லேர்ந்து 38 வரைக்கும் எங்களுது. 33 லோயர், அது எனக்கு. புக் பண்ணினவன் கூலின்னு வச்சுக்கங்க.

"உங்க நம்பர் என்னண்ணே?"

"இதே கோச்சுதான் தம்பி."

"நம்பரு?"

"பக்கத்துலதான்."

"எத்தனைண்ணே?"

"எழுபத்திரண்டு."

எட்டால மீதியில்லாம வகுபடுதா? அப்ப சைட் அப்பர். கக்கூஸ் கதவை ஒட்டின சைட் அப்பர்! என் லோயரை அவருக்குக் குடுத்துட்டு நான் அங்க போகணுமாம். ஏன்னு கேட்டா மூட்டுவலியாம், ஏற முடியாதாம். நான் வாயத் திறக்கிறதுக்குள்ள எதிர்ல இருந்து ஒரு குரல். "பாவம்டா, குடுத்துடு."

யாரு? என் நண்பன். அந்த உத்தமன் உக்காந்திருந்தது 36. அதுவும் லோயர்தான்! தன் பெர்த்துல போர்வைய விரிச்சுக்கிட்டே எனக்குக் கருணை சொல்லித் தர்றான். மத்த நாலு பேரும் கோயில் மாடு மாதிரி தலையாட்டுறானுங்க. அண்ணன் அதுக்குள்ள என் தலைமாட்டுல தண்ணி பாட்டில வச்சுட்டாரு.

72-ல ஒரு ராத்திரி. கால நீட்டினா கம்பி இடிக்குது. மடக்கினா முட்டி செவுத்துல. டமார்னு கதவு, அப்புறம் தண்ணிச் சத்தம், மறுபடி டமார். கோச்சுல எத்தனை பேருக்கு வயிறு சரியில்லைன்னு எழுதித் தரச் சொன்னா தருவேன். ஒருத்தர் வரிசையில நிக்கிறப்ப என் கால் மேலயே கைய ஊனிக்கிட்டு போன் பேசினாரு.

விடியக்காலம் மயிலாடுதுறை. வண்டி இன்னும் நிக்கல. மூட்டுவலி அண்ணன் குதிச்சாரு. ஆமாங்க, குதிச்சாரு! பிளாட்பாரத்துல ஓடுறாரு, "சர்க்கரை கம்மியா ஒண்ணு"ங்கிறாரு, கிளம்பின வண்டியில தொத்தி ஏறுறாரு. என்னைப் பாத்து, "நல்லாத் தூங்கினீங்களா தம்பி?"

சரி, ஊராவது பாத்தோமா? 36-ஆம் நம்பர் சார் குளிச்சு, பவுடர் போட்டு, பூரி ரெண்டு செட் முடிச்சுப் பெரிய கோயிலுக்கு வந்தா நடை சாத்தியாச்சு. சாயங்காலம்தான் திறப்பாங்களாம். செருப்பில்லாத காலோட உச்சி வெயில்ல கருங்கல் தரை. கருவறை மேல இருக்கிற விமானத்தோட நிழல் தரையில விழாதுன்னு வாட்ஸ்அப்புல ஃபார்வர்டு பண்றீங்களே, 216 அடி விமானத்தோட நிழல்லதான்யா நான் ஒண்டி நின்னேன்!

நின்ன இடத்துல கல்வெட்டு. 1010-ல கோயில முடிச்ச ராஜராஜன் 'நாம் கொடுத்தனவும் அக்கன் கொடுத்தனவும்'னு தானக் கணக்க எல்லாம் கல்லுல ஏத்தி வச்சிருக்காரு. கோயில்ல ஆடின தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கு எந்தத் தெரு, எந்தச் சிறகு (அதாவது தெருவோட எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடுன்னு சார்ட் போட்டு வெட்டியிருக்காரு. கல்லுல வெட்டினதுக்கு அப்புறம் எவன் வந்து "கொஞ்சம் மாத்திக்கலாமா"ன்னு கேப்பான்? நான் கொடுத்த லோயர் பெர்த்துக்கு ஒரு வரி வெட்ட அந்தச் செவுத்துல இடமா இல்ல?

இதை வாய்விட்டுச் சொல்லித் தொலைச்சேன். அஞ்சு பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறானுங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. தூங்காத கண்ணு, வெந்த காலு, வேற என்ன பண்றது.

சாயங்காலம் ஆளுக்குக் காசு போட்டு எனக்கு ஒரு தலையாட்டி பொம்மை வாங்கித் தந்தானுங்க. தட்டினா எதுக்கும் சரி சரின்னு ஆட்டும். "உன்ன மாதிரியே இருக்குடா"ன்னான் 36. நேத்து செலவுக் கணக்கு குரூப்புல வந்துச்சு. பொம்மைக் காசையும் ஆறால வகுத்து என் தலையிலயும் ஒரு பங்கு போட்டிருக்கான்.