பெயிண்ட் அடிச்சு குடுத்தா அதுக்கு பேரு ரீபில்ட் இன்ஜினா?

வயிறு எரியுதுங்க. மூணு நாளா சரியா தூக்கம் இல்ல. ரீபில்ட், அதாவது முழுசா பிரிச்சு புதுசு மாதிரி செஞ்சதுன்னு சொல்லி என் லாரிக்கு வித்த இன்ஜின் 41 நாள்ல போச்சு. யார்கிட்ட சொன்னாலும் "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. அப்படித்தான் இல்ல. வண்டி பழசுங்கறதுக்காக அதை வச்சு பொழைக்கறவன ஏமாத்தலாம்னு எவனும் எழுதி வைக்கல.

என் வண்டி 2007 மாடல் டாடா 2515, பத்து சக்கரம். அப்பா புதுசா எடுத்தது. கம்மின்ஸ் 6பிடி இன்ஜின், 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், சென்சார் கின்சார் ஒண்ணும் கிடையாது, நாமக்கல்ல இருந்து நாக்பூர் வரைக்கும் எந்த ரோட்டோர பட்டறைல நிறுத்தினாலும் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆள் கிடைப்பான். அதுக்காகத்தான் இந்த வண்டிய இன்னும் வச்சிருக்கேன். புது பிஎஸ்6 வண்டி எடுக்கணும்னா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சிட்டு மாசா மாசம் டியூவுக்கு ஓடணும், அந்த தெம்பு எனக்கு இல்ல. நானும் ஒரு டிரைவரும் மாத்தி மாத்தி ஓட்டறோம். சேலத்துல ஜவ்வரிசி ஏத்தி நாக்பூர், அங்க கிடைக்கற ரிட்டர்ன் லோடு, இதுதான் பொழப்பு.

ரெண்டு மாசம் முன்னாடி வண்டி தட்ட ஆரம்பிச்சுது. பட்டறைல சேம்பர் (அடில இருக்கற ஆயில் தொட்டி) கழட்டிப் பாத்தா நாலாவது சிலிண்டர் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்கோட சேர்ற இடத்துல இருக்கறது) போயிருக்கு. மெக்கானிக் அண்ணன் தெளிவா சொன்னாப்ல, "தம்பி, உன் பிளாக் இன்னும் ஸ்டாண்டர்டு போர், ஒரு தடவ கூட போரிங் பாக்கல, கிராங்கும் ஸ்டாண்டர்டு, இதுக்கு கிராங்க் கிரைண்டிங் போட்டு ரிங்கு பேரிங்கு மாத்தினா இன்னும் பல வருசம் ஓடும், ஆனா லேத்துல வேலை குவிஞ்சு கிடக்கு, இருபது நாள் ஆகும்." அதாவது சிலிண்டர் ஓட்டையும் (போர்), பிஸ்டன் சுத்தி விடற தண்டும் (கிராங்க்) இன்னும் கம்பெனி அளவுலயே இருக்கு, குடையவோ அரைக்கவோ இல்ல. ஆனா அந்த இருபது நாள்தான் என்னைக் கவுத்துச்சு. வண்டி நின்னா டிரைவர் சம்பளம் நிக்காது, டயர் கடைக்காரர் பாக்கி நிக்காது, புக்கிங் ஆபீஸ்ல ரெண்டு தடவ வண்டி இல்லன்னு சொன்னா மூணாவது தடவ போனே வராது. அப்பதான் ஒருத்தர் சொன்னாரு, ரெடி இன்ஜின் கிடைக்குது, பழசைக் குடுத்துட்டு வாங்கிக்கலாம், மூணே நாள்ல மாட்டி கிளம்பிடலாம்னு.

கடை பேரு இங்க எழுத விரும்பல. போய்ப் பாத்தேன். வரிசையா இன்ஜின் நிக்குது, எல்லாம் புது பெயிண்ட், புது கேஸ்கட், போல்ட் தலை கூட பளபளன்னு. "எல்லாமே ஃபுல் ரீபில்ட்ணா, போரிங், கிராங்க் கிரைண்டிங், புது பிஸ்டன் ரிங், புது பேரிங், எல்லாம் பக்காவா பண்ணது, மூணு மாசம் வாரண்டி, இல்ல பத்தாயிரம் கிலோமீட்டர்." ஸ்டாண்டுல வச்சு ஸ்டார்ட் பண்ணியும் காமிச்சாங்க. ஆயில் பிரஷர் முள்ளு ஜம்முனு நிக்குது. இப்பதான் புரியுது, இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் கெட்டியா இருக்கும், எந்த ஓட்டை இன்ஜினும் அப்ப நல்ல பிரஷர்தான் காட்டும், அதுலயும் 15டபிள்யூ40 ஊத்த வேண்டிய இடத்துல அதை விட கெட்டியான 20டபிள்யூ50 ஆயில் ஊத்தி வச்சா கேக்கவே வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டி சூடு ஏத்திட்டு ஸ்லோவுல விட்டு முள்ளைப் பாக்கணும். அஞ்சு நிமிசத்துல ஆஃப் பண்ணிட்டானுங்க, டீசல் 92 ரூபாய்க்கு மேல விக்குதுண்ணான்னு காரணம் வேற.

ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா, கூட என் பழைய இன்ஜின். பில் கேட்டேன். "பில் வேணும்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேத்து குடுங்க, எதுக்குண்ணா வீணா"ன்னு வெள்ளை பேப்பர்ல எஸ்டிமேட்னு எழுதி நீட்டினான். கடை சீல் கூட இல்ல. 32 ஆயிரம் மிச்சம்னு வாங்கிட்டு வந்தேன்.

இன்ஜின் நம்பர் பத்திக் கேட்டதுக்கு ஒரு பதில் சொன்னான் பாருங்க, அதைக் கேட்ட அந்த நிமிசமே நான் எந்திரிச்சு வந்திருக்கணும். "அதை அரைச்சிட்டு உங்க ஆர்சில இருக்கற நம்பரையே பஞ்ச் பண்ணி தந்துடறோம்ணா, எஃப்சில (வண்டி தகுதிச் சான்று பாக்கறப்ப) ஒண்ணும் தெரியாது." அரைச்சு அடிக்கறது குற்றம்ங்க. இன்ஜின் மாத்தினா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சில புது நம்பர் ஏத்தணும், 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு இதுக்குன்னே இருக்கு. நம்பர் ஒத்துப்போகாம நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல புடிக்கறது அதைத்தான். நான் அடிக்க வேண்டாம்னு சொல்லிட்டு, அந்த இன்ஜின் எந்த வண்டிலருந்து வந்துச்சோ அதோட பேப்பரைக் குடுங்கன்னேன். "நாளைக்கு வாட்ஸப்ல அனுப்பறேன்"னான். இன்னைக்கு வரைக்கும் அந்த நாளை வரல. நம்ம வண்டிக்கு எட்டு வருசம் தாண்டியாச்சு, வருசா வருசம் எஃப்சி காட்டணும், பேப்பர் இல்லாத இன்ஜினை வச்சிட்டு நான் எங்க போய் நிக்கறது?

மாட்டினோம். முதல் ட்ரிப்புலயே ப்ரீதர் பைப்புல (இன்ஜின் உள்காத்து வெளிய போற குழாய்) பொகை பொகையா தள்ளுது. நாக்பூர் போய் வந்ததுல ஒம்பது லிட்டர் ஆயில் குடிச்சிருக்கு. போன் பண்ணா "ரிங்கு செட் ஆகணும்ணா, ஒரு அஞ்சாயிரம் ஓடட்டும்". நம்பினேன். ரெண்டாவது ட்ரிப்புலயும் அதே கதை, திரும்பப் போன் பண்ணா அதே வார்த்தை. மூணாவது ட்ரிப்புக்கு லோடு ஏத்திட்டு போறேன், தொப்பூர் கணவாய் ஏத்தம், செகண்ட் கியர்ல ஏறிட்டு இருக்கு, ஆயில் பிரஷர் முள்ளு மெதுவா படுக்குது, கீழ இருந்து டங்கு டங்குன்னு சத்தம். ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். அந்த ரோடு எப்படின்னு லாரி ஓட்டறவங்களுக்குத் தெரியும், எதிர்ப்பக்கம் தர்மபுரிலருந்து இறங்கற வண்டி பிரேக் புடிக்காம வந்து எத்தனை பேரைக் கொண்டு போயிருக்கு. அந்த ராத்திரி பூரா முக்கோணத்தையும் மரக்கிளையையும் பின்னாடி வச்சிட்டு டார்ச் அடிச்சிக்கிட்டு நின்னோம் ரெண்டு பேரும். லோடை வேற வண்டிக்கு மாத்தி விட்ட கூலி, அந்த வண்டி வாடகை, கட்டி இழுத்துட்டு வந்த செலவு, எல்லாம் சேந்து 40 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. மாட்டி 41 நாள், ஓடினது அஞ்சாயிரம் சொச்சம் கிலோமீட்டர். எல்லாமே வாரண்டிக்குள்ள.

இன்ஜினைப் பிரிச்சு லேத்துக்கு எடுத்துட்டு போனோம். லேத் அண்ணன் மைக்ரோமீட்டர் வச்சு ஒவ்வொண்ணா படிக்கப் படிக்க எனக்கு கை நடுங்குச்சு. இந்த இன்ஜின்ல கிராங்க் பின் (பிக் எண்ட் பேரிங் உக்கார்ற இடம்) ஸ்டாண்டர்டு 69 மில்லி. கால் கால் மில்லியா நாலு தடவ அரைக்கலாம், 0.25, 0.50, 0.75, 1.00, அதோட முடிஞ்சுது. எனக்கு வந்த கிராங்க் 68 மில்லி. கடைசி சைஸ். இனிமே அதை அரைக்க இடமே இல்ல. அதுலயும் நாலாவது பின் உருண்டையாவே இல்ல, ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் பத்து பாயிண்டுக்கு (0.10 மில்லி) மேல வித்தியாசம், எமரி பேப்பர் போட்டு தேச்சு பளபளப்பு ஏத்தி மாட்டிட்டானுங்க. போர் பாத்தா ஸ்டாண்டர்டு 102, இதுல 103. ஒரு மில்லி ஓவர்சைஸ். இந்த பிளாக்குக்கு தனியா லைனர் (சிலிண்டர் உள்ள சொருகற குழாய்) கிடையாது, பிளாக்கையே நேரா போர் பண்றதுதான், அரை மில்லி ஒரு தடவ, ஒரு மில்லி ஒரு தடவ, அதுக்கு மேல வேணும்னா குடைஞ்சு ஸ்லீவுன்னு ஒரு குழாயை உள்ள இறக்கணும். சிலிண்டர் உள்ள கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு, ஹோனிங் (உள்பக்கத்தை கல்லு வச்சு தேய்க்கறது) போட்டா தெரியற குறுக்குக் கோடு ஒண்ணு கூட இல்ல, அப்புறம் ரிங்கு எப்படி செட் ஆகும்? ஆறு பிஸ்டன்ல ஒண்ணு வேற கம்பெனி. ஆயில் உறிஞ்சற ஸ்ட்ரெய்னர்ல அனபாண்ட் பசை துண்டு துண்டா அடைச்சுக் கிடக்கு, கேஸ்கட்டுக்கு அள்ளி அள்ளிப் பூசினது பிதுங்கி உள்ள விழுந்திருக்கு. பேரிங்குக்கு ஆயில் எங்கிருந்து போகும்?

இதை வச்சுக்கிட்டு போய்க் கேட்டா, "ஓவர்ஹீட் பண்ணிட்டீங்கண்ணா, டிரைவர் தப்பு, ரேடியேட்டர் சர்வீஸ் பண்ண பில் காட்டுங்க"ங்கறான். ஏண்டா, பில்லே குடுக்காத நீ என்கிட்ட பில் கேக்கற! ரேடியேட்டர் புதுசா கோர் மாத்தினது, அந்த பில்லும் இருக்கு, காட்டினேன். அடுத்து "பிரிச்சது எங்க பட்டறைல இல்ல, அதனால வாரண்டி போச்சு". தொப்பூர்ல நின்னப்ப பன்னெண்டு தடவ போன் பண்ணேனே, ஒண்ணாச்சும் எடுத்தானா? கடைசில "வேணும்னா இன்னொரு இன்ஜின் தர்றேன், எழுபதாயிரம் குடுங்க"ன்னான். நான் சட்டையைப் புடிச்சிருப்பேன், கூட வந்த மாமாதான் இழுத்துட்டு வந்தாரு.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போலாம்னு வக்கீல் சொல்றாரு. தொழிலுக்கு வாங்கினா கேஸ் நிக்காதுன்னு நெறைய பேரு நெனைக்கறோம், ஆனா 2019 சட்டத்துல சொந்த உழைப்புல பொழப்பு நடத்த வாங்கினவனும் நுகர்வோர்தானாம், அஞ்சு லட்சம் வரைக்கும் மாவட்ட கமிஷன்ல ஃபீஸ் கூட கிடையாதாம். எல்லாம் இருக்கு. கையில பில் மட்டும் இல்ல. அந்த வெள்ளை பேப்பரும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான் இருக்கு, அதையும் போன் கால் லிஸ்டையும் வச்சு முயற்சி பண்ணலாம்ங்கறாரு. பண்ணத்தான் போறேன்.

பணம் போனது கூட ஒரு பக்கம். என்னால தாங்கவே முடியாதது என்னன்னா, ஸ்டாண்டர்டு போர் பிளாக்கையும் ஸ்டாண்டர்டு கிராங்கையும் என் கையாலயே குடுத்துட்டு, நாலு பேரு சக்கையா புழிஞ்சு தூக்கிப் போட்டதை பணம் குடுத்து வாங்கிட்டு வந்திருக்கேன். இந்த எக்சேஞ்சுங்கறதே இதுக்குத்தான். நம்மகிட்ட இருக்கற நல்ல பிளாக் அவனுக்குத் தெரியுது, உள்ள வர்ற இன்ஜினை மட்டும் அளந்து பாத்து வாங்கறானுங்க, வெளிய போற இன்ஜினுக்கு ஒரு அளவும் எழுதித் தர மாட்டேங்கறானுங்க. போர் என்ன சைஸ், கிராங்க் என்ன சைஸ், பேரிங் என்ன நம்பர், மூணு வரி எழுதித்தர என்ன கேடு? லேத்துக்காரர் எழுதாமலா வேலை பாத்திருப்பாரு?

என் பிளாக்கைத் திருப்பிக் குடுன்னு கேட்டேன். அது போன மாசமே வித்துப்போச்சாம், ஈரோடு பக்கம் ஏதோ ஒரு வண்டிக்காம். அப்பா கேட்டாரு, "நம்ம இன்ஜின் எங்கடா இருக்கு?"ன்னு. அப்ப இருந்து வீட்ல சரியா சாப்பிடல அவரு.

ரெண்டு மாசத்துக்குள்ள சேலம், சங்ககிரி, ஈரோடு, பவானி பக்கம் 2515க்கோ 1613க்கோ ரெடி 6பிடி இன்ஜின் எக்சேஞ்சுல வாங்கினவங்க யாராச்சும் இதைப் படிச்சா தயவுசெஞ்சு ஒரு நிமிசம் கீழ குனிஞ்சு பாருங்க. ஆயில் ஃபில்டர் பக்கத்துல பிளாக்ல மூணு புள்ளி முக்கோணமா பஞ்ச் பண்ணிருக்கும், வண்டி எடுத்த வருசம் எங்கப்பா அடிச்சது. பெயிண்டுக்கு அடில இருந்தாலும் நகத்துல தடவினா தெரியும். இன்ஜின் நம்பரை அரைச்சிருந்தாலும் இதை அரைச்சிருக்க மாட்டானுங்க, அவனுங்களுக்கு அது என்னன்னே தெரியாது. இருந்தா இங்கயே சொல்லுங்க. நீங்க அந்த இன்ஜினுக்கு என்ன காசு குடுத்தீங்களோ அதை நான் தர்றேன், உங்க வண்டிக்கு நல்ல இன்ஜினா நானே கூட நின்னு லேத்துல அளந்து செஞ்சு தர்றேன்.