வேதாகமத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது

"வேதாகமத்துக்கு 18 சதவீத வரி போட்டுவிட்டார்கள், அதனால்தான் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் மூடப்படுகின்றன" என்று பெங்களூரு தமிழ்ச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. 2017-இல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே அச்சுப் புத்தகங்களுக்கு வரி கிடையாது. வேதாகமமும் அதில் சேர்த்திதான். போன வாரம் சிவாஜிநகரில் வாங்கிய ஜிப் வைத்த வேதாகமத்தின் பில் என் கையிலேயே இருக்கிறது; வரிக் கட்டத்தில் பூஜ்யம்.

புத்தகத்துக்கு வரி இல்லாததால், காகிதத்துக்கும் அச்சுக்கும் கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெற முடியாது, அது விலையில் ஏறும் என்பது உண்மை. ஆனால் கடைகளை வாட்டுவது வேறு: வாடகை, ஆன்லைன் தள்ளுபடி, போனில் இலவசமாகக் கிடைக்கும் வேதாகமம். அமெரிக்காவில் ஃபேமிலி கிறிஸ்டியன் நிறுவனம் 2017-இல் சுமார் 240 கடைகளை மூடியது. 2019-இல் லைஃப்வே என்ற இன்னொரு கிறிஸ்தவப் புத்தக நிறுவனம் தன் 170 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. அங்கே ஜிஎஸ்டியே இல்லை.

அப்புறம், வரிக்குப் பயந்து கடைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அன்று என் முன்னால் நின்ற ஒரு பாட்டிக்கு, கடைக்காரர் பெரிய எழுத்து வேதாகமத்தைச் சங்கீதத்தில் பிரித்து வைத்து, "இது படிக்க முடியுதாம்மா?" என்று கேட்ட பிறகுதான் பில் போட்டார்.