கோடு எதைக் குறிக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழி எழுத்தாளர்களைப் புள்ளிகளாகவும் அவர்களுக்குள் இருக்கும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைந்துவிட்டு, அதிகக் கோடு உள்ளவரே அந்த இலக்கிய உலகின் மையம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அதில் ஒரு நெருடல். கோடு என்றால் என்ன? கடிதமா, மதிப்புரையா, பரிசா? ஆடம் ஸ்மாலை எடுத்துக்கொள்ளுங்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்கான்ஸில் எழுதிய, வெள்ளையர் அல்லாதவர். அவருடைய ‘கன்னா’ நாடகம் வெளிவந்தது 1965இல்; ஆப்பிரிக்கான்ஸ் இலக்கியத்தின் உயரிய விருதான ஹெர்ட்சோக் பரிசு கிடைத்ததோ 2012இல். பரிசுப் பட்டியலை மட்டும் மென்பொருளில் கொட்டினால் அந்த 47 வருஷமும் மனிதர் படத்திலேயே இருக்க மாட்டார்!

அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கவிஞர் இங்க்ரிட் யோங்கரும் நாவலாசிரியர் ஆந்த்ரே பிரிங்கும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2015இல் புத்தகமாக வந்துவிட்டன. அதில் வரும் பெயர்களை மாதவாரியாகக் கோத்துப் பாருங்கள், அறுபதுகளின் அந்த எழுத்தாளர் வட்டம் எப்படி விரிந்து சுருங்கியது என்று ஓரளவு பிடிபடும்.